லெப்ல இருந்து யூஎக்ஸ் டிசைனுக்கு மாறேக்க விடக்கூடாத பிழைகள்

கொழும்புல பயோ, கெமிஸ்ட்ரி படிச்சு லெப்ல வேலை செஞ்சிட்டு யூஎக்ஸ்க்கு, அதாவது ஆப், வெப்சைட் எல்லாம் பாவிக்கிறவங்களுக்கு லேசா இருக்கிற மாதிரி டிசைன் பண்ற வேலைக்கு, மாற நினைக்கிற தம்பி தங்கச்சிமாருக்குத்தான் இதை எழுதுறன். பெரிய பிழை, சீவில சயன்ஸை ஒளிச்சு வைக்கிறது. ரிசர்ச் செஞ்ச வருஷங்களைக் கீழ தள்ளிட்டு சின்ன ஒன்லைன் கோர்ஸ் சர்டிபிகேட்டை மேல போடுறாங்க, எனக்குப் பாக்கவே கவலையா இருக்கும். 1993ல ஆப்பிள்ல சேர்ந்து யூஸர் எக்ஸ்பீரியன்ஸ்ங்கிற பேரைப் பரப்பின டொன் நோர்மனே எலக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் படிச்சு சைக்கோலஜில பிஎச்டி செஞ்சவர். கேள்வி கேட்டு, கவனிச்சு, நோட்ஸ் எடுத்து, நம்ம நினைச்சது பிழைன்னா விட்டுட்டுப் போற பழக்கம் உங்களுக்கு ஏற்கனவே இருக்கு, அதைக் காட்டுங்க.

ஆனா அதே பழக்கம்தான் சாம்பிள் காணாது காணாதுன்னு, டிசைனை ஆக்கள்கிட்ட பாவிக்கக் குடுத்துப் பாக்கிற டெஸ்ட்டைத் தள்ளிப்போடவும் வைக்கும். அஞ்சு பேரோட டெஸ்ட் செஞ்சாலே பிரச்சினைகள்ல 85% அளவு வெளிய வரும்னு யூஸபிலிட்டி நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000ல எழுதினார், ஒரு ஆள் சராசரியா 31% பிரச்சினையில முட்டுவார்ங்கிற கணக்கை வச்சு. அது பிழை பிடிக்க மட்டும். "இத்தனை வீதம் பேருக்குப் பிடிச்சிருக்கு"ன்னு சொல்ல அஞ்சு பேர் காணவே காணாது, அந்த அஞ்சுக்கு பி வேல்யூன்னு புள்ளிவிபரக் கணக்குப் போட்டு ஸ்லைட்ல காட்டாதீங்க.

அடுத்தது கேக்கிற விதம். வெள்ளவத்தைல ஒரு அன்ரிகிட்ட ஃபோனைக் குடுத்து "இது லேசா இருக்கு தானே அன்ரி?"ன்னு கேட்டா, "ஓம் மகள், நல்லா இருக்கு"ன்னு உங்கட மனசு நோகாமத்தான் சொல்லுவா. அதுக்குப் பதிலா கரண்ட் பில்லைக் கட்டச் சொல்லிட்டு வாயை மூடிட்டு கைய மட்டும் பாருங்க. இங்கிலிஷ்ல அழகா நிண்ட பட்டன் தமிழுக்கு மாத்தினதும் "கட்டணம் செலு..."ன்னு பாதில வெட்டுப்பட்டு நிக்கும், அன்ரிட விரல் அதுக்கு மேல வந்து நிண்டிட்டு திரும்பிப் போகும், உங்களுக்கு வேண்டிய டேட்டா அதுதான். மூணு மொழி ஓடுற ஊர்ல இங்கிலிஷ்ல மட்டும் டெஸ்ட் செஞ்சிட்டு முடிஞ்சுதுன்னு சொல்ல ஏலாது.

நீங்க செஞ்ச டிசைன் வேலைகளைக் காட்டுற போர்ட்ஃபோலியோவை தீசிஸ் மாதிரி எழுதாதீங்க, முடிவு கடைசிப் பக்கத்துல கிடந்தா ஆளெடுக்கிறவங்க அதுவரைக்கும் வரமாட்டாங்க. ஃபிக்மாங்கிற டிசைன் சொஃப்ட்வெயார்ல செஞ்ச ஸ்கிரீனை மட்டும் அடுக்கினாலும் வேலைக்கு ஆகாது. என்ன பிரச்சினை, என்ன பாத்தீங்க, எதை மாத்தினீங்க, மேலயே வரணும்.

வேலையையும் உடனே விட்டுராதீங்க. உங்கட லெப்லயே மெஷின் புக் பண்ற ஷீட்டோ ஸ்டொக் எழுதுற கொப்பியோ எல்லாரும் திட்டுற மாதிரித்தான் இருக்கும், மேலாள்கிட்ட கேட்டுட்டு அதைத் திருத்தி, திரும்பப் பாவிக்கக் குடுத்துப் பாருங்க, போர்ட்ஃபோலியோல போடுற முதல் கேஸ் ஸ்டடிக்கு அது தாராளம்.