ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் வரலாற்றை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பங்க் இசை பிரிட்டனை உலுக்கிய காலத்தில் முளைத்த சுயாதீன இசைத்தட்டு நிறுவனங்களுள் மான்செஸ்டர் நகரத்து ஃபேக்டரி ரெக்கார்ட்ஸைப் பற்றி மிக அதிகமாக எழுதப்பட்டிருக்கிறது. பிழைகளும் அதற்கேற்ற அளவில் மலிந்திருக்கின்றன. அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த நிறுவனத்தின் முகமாக விளங்கிய டோனி வில்சன் கிரனாடா தொலைக்காட்சியில் செய்தியாளராகவும் நிகழ்ச்சித் தொகுப்பாளராகவும் பணியாற்றியவர். ஒரு சம்பவத்தைக் கேட்போர் மறக்காதபடி சொல்லத் தெரிந்தவர். உண்மையையும் கட்டுக்கதையையும் எதிரெதிரே வைத்தால் கட்டுக்கதையையே அச்சிட வேண்டும் என்ற எண்ணத்தை வெளிப்படையாகவே விரும்பியவர். அவர் சொன்னதை அப்படியே எடுத்தெழுதினால் சுவையான கட்டுரை கிடைக்கும். ஆனால் அந்த நிறுவனத்துக்காக உழைத்த பலருடைய பங்கும், அதற்கு விலை கொடுத்த கலைஞர்களின் இழப்பும் அதில் காணாமல் போய்விடும். எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை உண்டு என்பதால், திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறுகளை இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

முதல் தவறு தொடக்கத்திலேயே நேர்கிறது. மான்செஸ்டரின் சுயாதீன இசை ஃபேக்டரியிலிருந்துதான் பிறந்தது என்று எழுதுகிறார்கள். ஆனால் ஃபேக்டரிக்கு முன்பே, மான்செஸ்டரின் பங்க் இசைக்குழுவான பஸ்காக்ஸைச் சேர்ந்தவர்கள் கடனாகத் திரட்டிய சுமார் 500 பவுண்டைக் கொண்டு, நியூ ஹார்மோன்ஸ் என்ற தங்கள் சொந்தப் பெயரில், நான்கு பாடல்கள் கொண்ட ஒரு சிறு இசைத்தட்டை 1977 ஜனவரி இறுதியில் வெளியிட்டார்கள். முதலில் 1,000 பிரதிகள்தாம் அச்சிட்டார்கள். அது பல மடங்கு விற்றுத் தீர்ந்தது. லண்டனுக்குப் போய்ப் பெரிய நிறுவனங்களின் வாசலில் காத்திருக்காமல், தன் ஊரிலேயே பதிவு செய்து தானே விற்க முடியும் என்பதை வடக்கு இங்கிலாந்து இளைஞர்களுக்குக் காட்டியது அந்த இசைத்தட்டுதான். அதே ஆண்டில் ரேபிட் ரெக்கார்ட்ஸும் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிவிட்டது. பஸ்காக்ஸின் அந்த இசைத்தட்டுக்கும் ரேபிட் வெளியீடுகளுக்கும் தயாரிப்பாளராக இருந்த மார்ட்டின் ஹானெட்டே பின்னர் ஃபேக்டரியின் ஒலியை உருவாக்கினார். இந்த முன்வரலாற்றை விட்டுவிட்டால் ஹானெட் எங்கிருந்தோ திடீரென்று முளைத்தவர் போலத் தோன்றுவார்.

இதற்கும் முன்னால் போனால் 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் நடந்த, லண்டன் பங்க் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸின் நிகழ்ச்சி வரும். அன்று அரங்கில் இருந்தவர்கள் சில பத்துப் பேர் மட்டுமே. ஆனால் தாங்கள் இருந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டவர்களை எண்ணினால் ஒரு பெரிய அரங்கமே நிறைந்துவிடும். அந்த நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர்கள் ஹோவர்ட் டெவோட்டோவும் பீட் ஷெல்லியும். ஆனாலும் அவர்களுடைய பஸ்காக்ஸ் அன்று மேடையேறவில்லை, ஜூலை 20 அன்று நடந்த இரண்டாம் நிகழ்ச்சியில்தான் வாசித்தது. இரண்டு இரவுகளையும் ஒன்றாகக் கலந்து எழுதுவது மிகப் பரவலான பிழை. வில்சன் தாம் முதல் இரவிலேயே இருந்ததாகச் சொல்லிவந்தார்; அதை மறுப்பவர்களும் உண்டு. ஆகவே அதை அவருடைய கூற்றாக எழுதலாமே தவிர, நிறுவப்பட்ட செய்தியாக எழுதக்கூடாது.

நிறுவனம் தொடங்கிய ஆண்டைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். 1978 மே மாதத்தில் தொடங்கியது இசைத்தட்டு நிறுவனம் அன்று. ஹல்ம் பகுதியில் இருந்த ரஸ்ஸல் கிளப்பில் வில்சனும் நடிகர் ஆலன் எராஸ்மஸும் நடத்திய இசை இரவுகளுக்குத்தான் முதலில் ஃபேக்டரி என்று பெயரிட்டார்கள். நியூயார்க்கில் ஓவியர் ஆண்டி வார்ஹோலின் கலைக்கூடத்துக்கு இருந்த பெயரைப் பார்த்து வைத்தார்கள் என்று பலரும் எழுதுகிறார்கள். சம்பந்தப்பட்டவர்கள் சொன்னதோ, மூடப்படும் ஓர் ஆலையின் அறிவிப்புப் பலகையை எராஸ்மஸ் பார்த்ததிலிருந்து பிறந்த பெயர் அது என்பதாகும். ஆலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுவந்த ஊரில் ஒன்றையாவது திறப்போம் என்ற அந்த எண்ணம், வார்ஹோல் கதையைக் காட்டிலும் மான்செஸ்டரை நமக்கு நன்றாகப் புரியவைக்கிறது. இசைத்தட்டு அதற்குப் பின்னால் வந்தது. வில்சனுக்குத் தாயாரின் வழியில் கிடைத்த பணத்திலிருந்து சுமார் 5,000 பவுண்டைப் போட்டு, ஜாய் டிவிஷன், டுருட்டி காலம், கேபரே வோல்டேர் என்ற இசைக்குழுக்கள், நகைச்சுவைக் கலைஞர் ஜான் டவி ஆகியோரின் பதிவுகளை இரண்டு ஏழு அங்குலத் தட்டுகளாக வெளியிட்டார்கள். அவை கடைகளுக்கு வந்தது 1978 இறுதியிலும் 1979 தொடக்கத்திலும். அலுவலகம் என்று தனியாக எதுவும் கிடையாது. 86, பாலடைன் ரோடு என்ற முகவரியில் இருந்த எராஸ்மஸின் குடியிருப்பே அலுவலகம்.

அடுத்து, பட்டியல் எண்களைக் கால வரிசையாக எடுத்துக்கொள்ளும் தவறு. இதில் புதிதாக எழுத வருபவர்கள் ஏறத்தாழ எல்லோரும் தடுமாறுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மற்ற நிறுவனங்களில் எண் என்பது கிடங்குக்கும் கணக்குக்கும் உரியது. ஃபேக்டரியிலோ செய்யப்பட்ட எந்தக் காரியத்துக்கும் எண் கிடைத்தது. ஃபேக்டரி என்ற பெயரின் சுருக்கமான ஃபேக் என்பதோடு எண்ணைச் சேர்த்து எழுதினார்கள். முதல் எண்ணான ஃபேக் 1 இசைத்தட்டுக்கு உரியதே அன்று. அது ரஸ்ஸல் கிளப் நிகழ்ச்சிகளுக்காகப் பீட்டர் சாவில் வடிவமைத்த மஞ்சளும் கறுப்புமான சுவரொட்டி. காதுக் கவசம் அணிய வேண்டும் என்று ஆலைகளில் வைக்கப்படும் எச்சரிக்கைப் பலகையிலிருந்து உருவத்தை எடுத்து, அளவாக இடம்விட்டு, எழுத்துகளை நேர்த்தியாக அடுக்கிய அந்தச் சுவரொட்டி, விளம்பரமாகப் பயன்பட வேண்டிய நேரம் கடந்த பிறகுதான் வந்துசேர்ந்தது. ஹாசியெண்டா என்ற கேளிக்கை விடுதிக்கு ஃபேக் 51. நிறுவனத்தின் மீது ஹானெட் தொடுத்த வழக்குக்கு ஃபேக் 61. விடுதியில் வளர்ந்த பூனைக்கு ஃபேக் 191. ஜாய் டிவிஷனின் தொடர்ச்சியாக உருவான நியூ ஆர்டர் குழுவின் சிங்கிள்களைப் பார்த்தால் 33, 53, 63, 73, 93, 103 என்று மூன்றில் முடியும் எண்களாக வரும்; ஹேப்பி மண்டேஸ் குழுவின் பல வெளியீடுகள் இரண்டில் முடியும். விருப்பப்பட்ட எண்ணை முன்கூட்டியே ஒதுக்கிவைத்தார்கள் என்பதால், சிறிய எண் முந்தியது, பெரிய எண் பிந்தியது என்று கணக்கிட்டு ஆண்டு குறித்தால் தவறாகிவிடும். அந்த எண்ணிக்கையைக் கொண்டு, ஃபேக்டரி ஐந்நூறு இசைத்தட்டுகள் வெளியிட்டது என்று எழுதுவதும் அதே வகைப் பிழைதான்.

உறைகளைப் பற்றிய தவறுகளுள் ஒன்று உலகம் முழுவதும் சட்டைகளில் அச்சாகிப் பரவியிருக்கிறது. 1979 ஜூனில் வந்த ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பத்தின் உறையில் உள்ள வெண்கோடுகளை மலைத்தொடர் என்பார் சிலர், இதயத்துடிப்பு என்பார் சிலர், சாவில் வரைந்தது என்பார் வேறு சிலர். அது முதன்முதலில் கண்டறியப்பட்ட துடிப்பு விண்மீனான (பல்சர்) சிபி 1919 அனுப்பிய வானொலி அலைகளின் வரைபடம். கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல் 1967இல் அந்த விண்மீனின் சமிக்ஞையைக் கண்டார். போர்ட்டோ ரிக்கோவின் அரேசிபோ வானொலித் தொலைநோக்கியில் பதிவானவற்றைக் கொண்டு ஹரால்டு கிராஃப்ட் என்ற ஆய்வாளர் தம் முனைவர் பட்ட ஆய்வுக்காக இந்த வரைபடத்தை உருவாக்கினார். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 1.337 விநாடி, அப்படி அடுத்தடுத்து வந்த 80 துடிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் கண்ட இந்தப் படத்தைக் குழுவினரே சாவிலிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். புத்தகத்தில் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகளாக இருந்ததை, கறுப்புப் பின்னணியில் வெண்கோடுகளாக அவர் மாற்றினார். முன்பக்கத்தில் குழுவின் பெயரையோ ஆல்பத்தின் பெயரையோ போடவில்லை. உள்ளே தட்டின் இரு பக்கங்களுக்கும் முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று பெயரில்லை. ஒன்று வெளிப்புறம், மற்றொன்று உட்புறம். சாவிலின் பெருமை இந்தத் தேர்வுகளில் இருக்கிறது. கிராஃப்டின் கோடுகளை அவருடைய ஓவியமாக்கினால் கிராஃப்டுக்கும் அநீதி, சாவிலுக்கும் அநீதி.

இனி, எல்லோரும் விரும்பிச் சொல்லும் ‘புளூ மண்டே’ கதைக்கு வருவோம். 1983 மார்ச்சில் வெளியான நியூ ஆர்டரின் இந்தப் பன்னிரண்டு அங்குல சிங்கிள், பிரிட்டனில் அந்த வகையில் மிக அதிகமாக விற்ற இசைத்தட்டு. கணினியின் ஃப்ளாப்பி வட்டு போலத் துளைகள் வெட்டப்பட்ட கறுப்பு உறை, துளைகளின் வழியே தெரியும் வெள்ளி நிற உள்ளுறை, ஓரத்தில் எழுத்துகளுக்குப் பதிலாக வண்ணக் கட்டங்களின் குறியீடு என்று அமைந்த அந்த உறை, விற்பனை விலையில் மிஞ்சியதை விழுங்கிவிடும் அளவுக்குச் செலவு வைத்தது என்பதும், அதனால் ஒவ்வொரு பிரதியிலும் நிறுவனம் நஷ்டப்பட்டது என்பதும்தான் கதை. எவ்வளவு நஷ்டம் என்று கேட்டால் ஒருவர் 5 பென்ஸ் என்கிறார், இன்னொருவர் 10 பென்ஸ் என்கிறார். இந்த முரண்பாடே நம்மை எச்சரிக்க வேண்டும். தொடக்கப் பதிப்புகளின் உறைக்கு அதிகச் செலவானது உண்மை. பிறகு துளைகள் இல்லாத மலிவான உறையில் அதே தட்டு விற்றது என்பதும் உண்மை. எனவே விற்ற இலட்சக்கணக்கான பிரதிகள் அனைத்தையும் நஷ்டத் தொகையால் பெருக்கி, இந்தப் பாட்டால்தான் ஃபேக்டரி திவாலானது என்று முடிவு கட்டுவது பொருந்தாது. நிறுவனம் இதற்குப் பிறகும் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது.

ஒப்பந்தம் பற்றிய கதையிலும் இதே வகைச் சிக்கல் உண்டு. இசைக்கலைஞர்களுக்கே எல்லாம் சொந்தம், நிறுவனத்துக்கு எதுவும் சொந்தமில்லை என்று வில்சன் தம் ரத்தத்தால் எழுதிக்கொடுத்தார் என்பது பரவலான செய்தி. எழுதியது ரத்தத்தாலா மையாலா என்பதில் நேரத்தைச் செலவிடுகிறவர்கள் அதன் உள்ளடக்கத்தை விட்டுவிடுகிறார்கள். செலவு போக மிஞ்சும் லாபத்தில் பாதி குழுவுக்கு, பாதி நிறுவனத்துக்கு. பதிவுகளின் உரிமை கலைஞர்களுக்கு. பெரிய நிறுவனங்கள் சிறு விகிதத்தை மட்டும் ராயல்டியாகக் கொடுத்து, பதிவின் உரிமையைத் தாங்களே வைத்துக்கொள்வது வழக்கமாக இருந்த காலத்தில் இது மிகத் தாராளமான ஏற்பாடு. வழக்கமான ஒப்பந்தம் இல்லை என்பதை நிபந்தனையே இல்லை என்று புரிந்துகொள்ளக் கூடாது.

தாராளம் என்று சொல்வதோடு நின்றுவிடவும் கூடாது. ஏனென்றால் குழுவுக்குச் சேர வேண்டிய பணம் எங்கே போனது என்ற கேள்வி இருக்கிறது. 1982 மே 21 அன்று விட்வொர்த் ஸ்ட்ரீட் வெஸ்டில், முன்பு படகுகளின் விற்பனைக்கூடமாக இருந்த கட்டடத்தில், பென் கெல்லியின் வடிவமைப்பில் ஹாசியெண்டா திறக்கப்பட்டது. ஜாய் டிவிஷனும் நியூ ஆர்டரும் ஈட்டிய பணம் அதற்குள் போனது. அந்தப் பணத்தை ஒலிப்பதிவுக் கருவிகளில் போட வேண்டும் என்று கேட்டுத்தான் ஹானெட் வழக்குத் தொடுத்தார்; அது நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது. விடுதி திறந்த நாளிலிருந்து கூட்டம் அலைமோதியது என்று எழுதுவதும் தவறே. முதல் சில ஆண்டுகளில் அந்தப் பெரிய கூடம் பல இரவுகளில் வெறிச்சோடிக் கிடந்தது. சிகாகோவிலிருந்தும் டெட்ராய்டிலிருந்தும் வந்த ஹவுஸ், டெக்னோ நடன இசைகள் அங்கே ஒலிக்கத் தொடங்கிய எண்பதுகளின் பிற்பகுதியில்தான் அது நிரம்பியது. நிரம்பிய பிறகும் பணம் சேரவில்லை: எக்ஸ்டஸி என்ற போதை மாத்திரையை உட்கொண்டு ஆடியவர்கள் மதுவுக்குப் பதிலாகத் தண்ணீரையே குடித்தார்கள், மது விற்பனையை நம்பியிருந்த விடுதிக்கு அது பெரிய அடி.

ஃபேக்டரியின் குழு அல்லாதவற்றை அதன் கணக்கில் சேர்க்கும் பழக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மான்செஸ்டர் என்றாலே ஃபேக்டரி என்று நினைத்து தி ஸ்மித்ஸை இதில் சேர்த்துவிடுகிறார்கள். அவர்கள் லண்டனின் ரஃப் டிரேட் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். ஜாய் டிவிஷனின் முதல் இசைத்தட்டும் ஃபேக்டரியுடையது அன்று. அதை அவர்களே 1978இல் வெளியிட்டுக்கொண்டார்கள்.

2002இல் வந்த மைக்கேல் வின்டர்பாட்டமின் ‘24 ஹவர் பார்ட்டி பீப்பிள்’ படத்தைச் சான்றாகக் காட்டுவது இன்னொரு தவறு. எனக்கு மிகவும் பிடித்த படம் அது. ஆனால் அது தன்னை வரலாறாக முன்வைக்கவே இல்லை. டெவோட்டோ சம்பந்தப்பட்டதாக வரும் ஒரு காட்சியில், உண்மையான டெவோட்டோவே கழிப்பறைத் துப்புரவாளராகத் தோன்றி, இப்படி நடந்ததாகத் தமக்கு நினைவே இல்லை என்கிறார். இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லும் ஒரு படத்திலிருந்து உரையாடலை எடுத்து மேற்கோளாக இடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. படம் வில்சனை நடுவில் வைப்பதால், ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் குழுக்களின் மேலாளர் ராப் கிரெட்டனும் எராஸ்மஸும் பின்னுக்குப் போகிறார்கள். வெளிநாட்டு உரிமங்களைக் கவனித்த லின்ட்ஸே ரீட் வில்சனின் மனைவியாக மட்டுமே நினைவில் நிற்கிறார். அந்தக் குறையைக் கட்டுரையாளரும் தொடரத் தேவையில்லை.

வீழ்ச்சிக்கு ஒரே காரணம் தேடுவது கடைசியாகக் குறிப்பிட வேண்டிய தவறு. ஹேப்பி மண்டேஸ் ஆல்பம் பதிவு செய்யப் பார்படாஸ் தீவுக்குப் போய்ப் பணத்தைக் கரைத்த கதை பரபரப்பானது என்பதால் எல்லோரும் அதையே பிடித்துக்கொள்கிறார்கள். சார்லஸ் ஸ்ட்ரீட்டில் 1990இல் திறந்த புதிய தலைமையகத்துக்கு ஆன பெருஞ்செலவு, பின்னர் வந்த பொருளாதார மந்தத்தில் சரிந்த கட்டட மதிப்பு, ஹாசியெண்டாவும் நிறுவனத்தின் டிரை என்ற மதுவிடுதியும் தின்ற பணம், நியூ ஆர்டரின் அடுத்த ஆல்பம் ஆண்டுக்கணக்கில் தாமதமானது ஆகிய அனைத்தும் சேர்ந்தே 1992 நவம்பரில் நிறுவனத்தை வீழ்த்தின. லண்டன் ரெக்கார்ட்ஸ் அதை வாங்க முன்வந்தபோது, பதிவுகளின் உரிமை கலைஞர்களிடமே இருந்ததால், நிறுவனத்தை வாங்கினாலும் கையில் எதுவும் வராது என்ற நிலை. அந்த ஆல்பம் 1993இல் லண்டன் ரெக்கார்ட்ஸ் வழியாகவே வந்தது. தாராளமான அந்த ஏற்பாடு நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை. பாடல்களைக் கலைஞர்களிடமே விட்டுச்சென்றது.

1992ஐ எல்லாவற்றுக்கும் முடிவாண்டாக எழுதிவிடவும் வேண்டாம். ஹாசியெண்டா 1997 ஜூன் வரை நடந்தது. பட்டியல் எண்கள் அதற்குப் பிறகும் நின்றுவிடவில்லை. 2007 ஆகஸ்டில் வில்சன் இறந்தபோது அவருடைய சவப்பெட்டிக்கு ஃபேக் 501 என்ற எண் இடப்பட்டது.