வாள் வெட்டும் என்பதை மறந்துவிடும் சண்டைகள்

படத்தில் வாள்சண்டை வரும்போது ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பின்னணி இசையும் 'ணங் ணங்' ஒலியும் போய்விட்டால், அந்த இரண்டு பேர் என்ன செய்கிறார்கள் என்பது மட்டும் மிஞ்சும். பல படங்களில் அப்போது தெரிவது இதுதான்: ஒருவர் மற்றவரின் வாளை அடித்துக்கொண்டிருக்கிறார், ஆளை அல்ல. தலைக்கு மேலே ஓங்குகிறார், எதிராளி தன் வாளைக் குறுக்கே பிடிக்கிறார், அந்த வாளின் மேலேயே பார்த்து இறக்குகிறார். எதிராளி சும்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாலும் அவர்மேல் ஒரு கீறல் விழுந்திருக்காது.

வாள்சண்டைக் காட்சியில் முதல் தவறும் பெரிய தவறும் இதுதான் என்பேன். வாளை வீசுகிறவருக்கு எதிரியின் கழுத்து வேண்டும், அல்லது முன்கை, அல்லது வயிறு. தடுக்கத் தவறினால் அங்கே வெட்டு விழ வேண்டும். அந்த ஆபத்து தெரிந்தால்தான் பார்க்கிறவர் மூச்சைப் பிடிப்பார். அது இல்லாதபோது, எவ்வளவு வேகமாக வீசினாலும் கோலாட்டம்தான்.

இது சோம்பலால் வருவதில்லை, பாதுகாப்புக்காகச் செய்வது. முனை மழுங்கிய வாளும் கண்ணில் பட்டால் கண் போய்விடும். அதனால் இரண்டு நடிகர்களையும் எட்டாத தூரத்தில் நிறுத்துகிறார்கள். அந்த முடிவு சரி, அதைக் கேமரா காட்டிக்கொடுப்பதுதான் தவறு. பக்கவாட்டிலிருந்து எடுத்தால் நடுவில் இருக்கும் இடைவெளி அப்படியே தெரியும். ஒருவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்தால் அதே இடைவெளி சுருங்கிக் காணாமல் போகும். வீச்சின் திசை உடம்பை நோக்கியே இருக்கட்டும், எட்டும் நீளத்தை மட்டும் குறைக்கலாம். தடுப்பவரும் அடி வருமுன்பே வாளைத் தூக்கிப் பிடித்துக் காத்திருக்கக் கூடாது. 'அடுத்து மேலிருந்து வரும்' என்று அவருக்குத் தெரியும் என்பதை அவருடைய கை சொல்லிவிடும்.

அப்புறம் கால்கள். நிஜமான வாள்போரில் பாதி வேலை தூரத்தைக் கையாள்வதுதான். ஓர் அடி முன்னே வைத்தால் என் வாள் உன்னை எட்டும், உன் வாளும் என்னை எட்டும். அந்த ஓர் அடியை எப்போது வைப்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது. அதனால் இரண்டு பேரும் நெருங்குவார்கள், விலகுவார்கள், சுற்றி வருவார்கள். வாளும் வாளும் தொடாத நேரமே அதிகம். படமெடுப்பவர்கள் இந்த மௌனத்துக்குப் பயந்து, அதை நிரப்ப இன்னும் பத்து வீச்சுகளைச் சேர்க்கிறார்கள். ஜப்பானிய இயக்குநர் குரோசவா பயப்படவில்லை. 1962-இல் வந்த 'சஞ்சூரோ'வின் கடைசியில் இரண்டு பேர் நேருக்கு நேர் நெடுநேரம் அசையாமல் நிற்கிறார்கள். பிறகு ஒரே ஒரு வீச்சு, கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. இத்தனை வருடம் கழித்தும் அந்தக் காட்சி பேசப்படுகிறது என்றால், அதற்குப் பாதிக் காரணம் அந்தக் காத்திருப்பு.

கூர்மையான வாளோடு ஒருவர் எதிரில் நிற்கும்போது அவருக்கு முதுகைக் காட்டிச் சுழல்வதும் வெட்டு விழும் என்ற பயம் இல்லாததால் வரும் தவறுதான். சுழன்று திரும்புவதற்குள் முதுகில் வெட்டு விழுந்திருக்கும். தடுமாறி விழப்போகும்போது சுழலலாம், காலை வாரும்போது சுழலலாம். அழகுக்காகச் சுழன்றால், எதிராளி அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வி வரும்.

எடை விஷயத்திலும் ஒரு தப்பான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. இடைக்கால ஐரோப்பாவின் இருகை நீள்வாள்கள் பெரும்பாலும் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோதான். அதை உலக்கை மாதிரி இரண்டு கையாலும் மூச்சுப் பிடித்துத் தூக்கினால் நம்ப முடியாது. வாள் சட்டென்று திசை மாறும், மேலே வெட்டுவதாகப் போக்குக்காட்டிக் கீழே குத்தும். அந்தப் போக்குக்காட்டலே எத்தனை படங்களில் இல்லை!

கவசம் இன்னொன்று. இரும்புத் தகட்டுக் கவசம் அணிந்தவரை வாளால் ஒரே வீச்சில் குறுக்காக வெட்டிச் சாய்க்கிறார்கள். அது நடக்கக்கூடியதாக இருந்தால் அவ்வளவு செலவு செய்து யாரும் கவசம் செய்திருக்க மாட்டார்கள். 15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வாள்பயிற்சி நூல்களில் இதற்கான வழி படமாகவே வரையப்பட்டிருக்கிறது. ஒரு கையைக் கைப்பிடியிலும் மறு கையை வாளலகின் நடுவிலும் வைத்து, ஈட்டிபோலப் பிடித்து, அக்குளிலும் முகமூடியின் இடுக்கிலும் குத்துவார்கள். அல்லது வாளைத் தலைகீழாக அலகில் பிடித்து, கைப்பிடிப் பக்கத்தால் சுத்தியல்போல அடிப்பார்கள். கட்டிப் புரண்டு கீழே தள்ளுவதும் உண்டு. திரையில் வைத்தால் எவ்வளவு புதிதாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனாலும் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

உறையிலிருந்து உருவும்போது வரும் 'ஷிங்' ஒலியைப் பலர் குறை சொல்வார்கள். உறைகள் பெரும்பாலும் மரமும் தோலும் என்பதால் அப்படி ஒலிக்காது, உண்மைதான். எனக்கு அது பெரிய குற்றமாகப் படவில்லை. அது காதுக்கு மட்டுமான பொய், சண்டையைக் கெடுப்பதில்லை.

ஒருவரைப் பத்துப் பேர் சூழ்ந்துகொள்ளும் காட்சியில் ஒன்பது பேர் வரிசை காத்து நிற்பது கெடுக்கும். இதற்கு இடத்தைப் பயன்படுத்த வேண்டும். குறுகிய படிக்கட்டு, வாசல், கவிழ்ந்த மேசை என்று ஏதாவது தடுத்தால் ஒவ்வொருவராக வருவதற்கு நியாயம் கிடைக்கும். வெட்டவெளி என்றால் நாயகன் நிற்காமல் ஓரமாக நகர்ந்துகொண்டே இருந்து, எதிரிகள் ஒருவருக்குப் பின் ஒருவராக மறையும்படி செய்ய வேண்டும். நடுவில் நின்றால் செத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடிகருக்குப் பயிற்சி போதாதபோது எடிட்டிங்கில் மறைக்கிறார்கள். ஒரு வீச்சுக்கு மூன்று கட். யார் எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. 1987-இல் வந்த 'தி பிரின்சஸ் பிரைட்' படத்தில் கேரி எல்விஸும் மேண்டி பட்டின்கினும் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, குட்டிக்கரணம் போன்றவற்றைத் தவிர மற்ற வாள்வீச்சைத் தாங்களே செய்தார்கள். அதனால் தலை முதல் கால் வரை தெரியும்படி எடுக்க முடிந்தது. பயிற்சியளித்தவர்களில் ஒருவரான பாப் ஆண்டர்சன் 1952 ஒலிம்பிக்கில் வாள்வீச்சில் கலந்துகொண்டவர். அந்தச் சண்டை நினைவில் நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இருவரும் இடது கையால் சண்டை போடுகிறார்கள். ஒரு கட்டத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே வலது கைக்கு மாறுகிறார், பிறகு மற்றவரும் மாறுகிறார். இருவருடைய குணமும் பரஸ்பர மரியாதையும் அந்தக் கை மாற்றத்திலேயே வந்துவிடுகிறது. சண்டைக்கு முன்னும் பின்னும் கதையில் எதுவும் மாறவில்லை என்றால், எத்தனை அடி வைத்தும் பயனில்லை.

களைப்பைக் கடைசியில் வைத்தேன், ஆனால் அதுதான் எனக்கு மிகப் பிடித்தது. வில்லியம் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயச் சண்டை அமைப்பாளர் அதைப் புரிந்துகொண்டவர். 1977-இன் 'தி டூயலிஸ்ட்ஸ்' படத்தில் அவர் அமைத்த ஒரு சண்டையில் இரண்டு பேரும் வாளைத் தூக்கவே முடியாமல் தள்ளாடுகிறார்கள். 1995-இன் 'ராப் ராய்' படத்துக் கடைசிச் சண்டையும் அவருடையதே. ஒருவன் மெல்லிய வாளோடு துள்ளுகிறான், வெட்டிவிட்டு அலட்டிக்கொள்ளாமல் விலகுகிறான். மற்றவர் கனமான வாளோடு ஒவ்வொரு வீச்சிலும் சோர்ந்துகொண்டே போகிறார், காயம் கூடுகிறது, மண்டியிடுகிறார். எதிரியின் வாள்முனை கழுத்துக்கு வருகிறது. அப்போது அவர் அந்த வாளை வெறுங்கையால் இறுகப் பிடித்துக்கொள்கிறார். கையில் ரத்தம் வழிகிறது, அவன் இழுக்கிறான், வரவில்லை. அவனுடைய முகத்தில் முதல்முறையாகப் பயம் தெரிகிறது. அவர் மறுகையால் தன் வாளை எடுக்கிறார்.