மகள் சாஃப்ட்பால் ஆடுகிறாளா? மோதாமல் பேஸ் ஓடக் கற்றுக்கொடுங்கள்

அமெரிக்காவில் பிள்ளையை சாஃப்ட்பாலில் (பேஸ்பால் மாதிரியான ஆட்டம்) சேர்த்துவிட்ட நம்மவர்கள் பாதிப்பேர் கிரிக்கெட் கண்ணோடுதான் ஆட்டம் பார்க்கிறோம், வேலிக்கு இந்தப்பக்கம் நின்று "ஓடு, ஓடு" என்று கத்துவதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. உதவி கோச்சாக இரண்டு சீசன் நின்று பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நான் பார்த்த மோதல்களில் முக்கால்வாசி பேஸுக்கு (ஓடுகிறவள் வரிசையாகத் தொட வேண்டிய நான்கு இடங்களில் ஒவ்வொன்றும் ஒரு பேஸ்) முந்தைய கடைசி இரண்டு அடியில் 'சறுக்கவா வேண்டாமா' என்று பிள்ளை தடுமாறியதால் வந்தவை. முரட்டுத்தனமெல்லாம் அபூர்வம்.

முதல் பேஸ் சுலபம். பந்தை அடிக்கும் இடத்திலிருந்து 60 அடி, கிரீஸைத் தாண்டி ஓடுவதுபோலத் தாண்டி ஓடலாம், சறுக்கத் தேவையே இல்லை. பல மைதானங்களில் அங்கே இரட்டை பேஸ் இருக்கும், வெள்ளை ஃபீல்டருக்கு, வெளிப்பக்கம் இருக்கும் ஆரஞ்சு ஓடி வருகிறவளுக்கு. ஆரஞ்சை மிதித்தாலே பாதி விபத்து குறைந்துவிடும். ஒற்றை பேஸ்தான் என்றால் அதன் வலது ஓரத்தை மிதித்துத் தாண்டச் சொல்லுங்கள், நடுவில் குதித்து ஏற வேண்டாம்.

இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் தாண்டினால் பந்தோடு வந்து தொட்டு அவுட் ஆக்கிவிடுவார்கள், அதனால் சறுக்கத்தான் வேண்டும். இதை மண்ணில் ஆரம்பிக்காதீர்கள். வீட்டுப் புல்தரையில் ஒரு தார்ப்பாயை விரித்துத் தண்ணீர் ஊற்றி, ஷூவைக் கழற்றிவிட்டு ஓடிவரச் சொல்லுங்கள், ஆணி வைத்த ஷூவோடு பழகினால் அது தரையில் மாட்டிக் கணுக்காலைத் திருகிவிடும். ஒரு காலை மடித்து மறு காலின் கீழே வைத்து, பிட்டத்தில் உட்கார்ந்தபடி சறுக்க வேண்டும். நீட்டிய காலின் குதிகால் தரையில் உரசக் கூடாது, மோவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்கட்டும். கை இரண்டும் மேலே. பிள்ளைகள் பயத்தில் கையைப் பின்னால் ஊன்றுவார்கள், மணிக்கட்டு போவது அப்படித்தான், அதனால் இரண்டு கையிலும் கொஞ்சம் புல்லைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன், விரல் விரியாது, ஊன்றவும் தோன்றாது. பேஸுக்கு ஏழெட்டு அடி இருக்கும்போதே உட்கார ஆரம்பித்துவிட வேண்டும். முடிவெடுத்த பிறகு மாற்றக் கூடாது, பாதிச் சறுக்கல்தான் எல்லாவற்றிலும் மோசம்.

தலையை முன்னே நீட்டிப் பாய்வது டிவியில் அழகாக இருக்கும். லிட்டில் லீக் என்ற சிறுவர் அமைப்பில் மேஜர்ஸ் பிரிவு வரை (சுமார் 12 வயது வரை) அடுத்த பேஸுக்குப் போகும்போது அப்படிப் பாய்ந்தால் அவுட், பழைய பேஸுக்குத் திரும்பி வரும்போது மட்டும் அனுமதி.

உங்கள் லீகில் பேஸ் தரையோடு இறுக்கப்பட்டதா, மோதினால் கழன்றுகொள்ளும் வகையா என்றும் கேளுங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜாண்டா குழு பெரியவர்களின் சாஃப்ட்பாலில் இரண்டையும் ஒப்பிட்டு 1988-இல் வெளியிட்டார்கள், இறுக்கிய பேஸ் ஆட்டங்களில் 45 சறுக்கல் காயங்கள், ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் நடந்த கழலும் பேஸ் ஆட்டங்களில் 2.

அப்புறம் ஹோம், அதாவது ஓட்டம் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து ரன் எடுக்கும் கடைசி பேஸ். கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) பந்தோடு காத்திருக்கிறாள் என்றால் சறுக்கலாம், சுற்றிப் போகலாம், திரும்பி ஓடலாம். தோளைக் கொடுத்து இடித்தால் அவுட், வேண்டுமென்றே பலமாக இடித்தால் ஆட்டத்தை விட்டே வெளியே. பந்து இல்லாமலே அவள் வழியை மறித்தால் அது அவள் தப்பு, அம்பயர் பார்த்துக்கொள்வார், நம் பிள்ளை தீர்ப்பு சொல்லப் போக வேண்டாம். அடிபட்ட பந்தை ஒருத்தி குனிந்து எடுக்கிறாள் என்றால் ஓடுகிறவள்தான் விலக வேண்டும், தெரியாமல் இடித்தாலும் அவுட். அவள் முதுகுக்குப் பின்னால் சுற்றி ஓடுவது நல்லது.

சரி, நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதே. 10 வயதுக்கு உட்பட்ட பிரிவில் பல கேட்சர்களால் இரண்டாவது பேஸ் வரை எறியவே முடியாது. 11–0 என்று ஆன பிறகும் கேட்சர் கையிலிருந்து பந்து நழுவும்போதெல்லாம் அடுத்த பேஸைத் திருடச் (அடி விழாமலே ஓடிப் பிடிக்கச்) சொல்கிற கோச்சுகள் உண்டு, விதிப்படி குற்றமில்லை, ஆனால் எனக்குப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். அந்த நிலைக்கு வந்தபின் அடித்தால் மட்டும் ஓடு, ஒரு முறை அடித்தால் ஒரு பேஸ் என்று நிறுத்திவிடுங்கள். வேண்டுமென்றே மெதுவாக ஓடச் சொல்லாதீர்கள், எதிரணிப் பிள்ளைகளுக்கு அது புரிந்துவிடும், அதைவிட அவமானம் இல்லை. சமபலத்தில் நடக்கும் ஆட்டம் என்றால் கதை வேறு, கிடைத்த பேஸையெல்லாம் எடுத்துக்கொள்ளட்டும்.

இடித்துவிட்டால் கைகொடுத்துத் தூக்கிவிடச் சொல்லுங்கள், ஆனால் ஒரு காலை பேஸிலேயே வைத்துக்கொண்டு. எங்கள் அணியில் ஒரு சின்னவள், விழுந்த ஷார்ட்ஸ்டாப்பைத் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஃபீல்டரைத்) தூக்கிவிட பேஸை விட்டு இரண்டடி நகர்ந்தாள், அம்பயர் இன்னும் 'டைம்' என்று ஆட்டத்தை நிறுத்தவில்லை, தூக்கிவிடப்பட்டவளே கையிலிருந்த பந்தால் இவளைத் தொட்டு அவுட் ஆக்கிவிட்டாள். முதலில் 'டைம்' கேட்க வேண்டும் என்று அடுத்த பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்தோம்.