வாழைப்பழம் சாப்பிட்டும் கெண்டைக்கால் பிடிக்கிறதா? புதிதாக ஓடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

மெரினாவில் உழைப்பாளர் சிலையிலிருந்து கிளம்பி விவேகானந்தர் இல்லம் வருவதற்குள் வலது விலாவுக்குக் கீழே கோணி ஊசியால் குத்தியதுபோல் சுருக்கென்றது. நான் ஓடத் தொடங்கிய முதல் வாரம் அது. அன்று காலை செய்த காரியங்கள்: பிஸ்கட்டோடு ஒரு டம்ளர் காபி, 'தெம்புக்கு' ஒரு பாட்டில் மாம்பழ ஜூஸ், கிளம்பும்போது மடமடவென்று அரை லிட்டர் தண்ணீர். போதாததற்குப் பக்கத்தில் ஓடிய கல்லூரிப் பையனோடு போட்டி வேறு. செய்யக்கூடாததையெல்லாம் ஒரே காலையில் செய்து முடித்திருந்தேன்.

இந்த விலாக் குத்தல் பரவலானது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட ஒரு கணக்கெடுப்பில், ஓட்டக்காரர்களில் பத்துக்கு ஏழு பேர் முந்தைய ஓராண்டில் இதை அனுபவித்ததாகச் சொன்னார்கள். மூச்சு வாங்குவதால் உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் சதை) இழுத்துக்கொள்கிறது என்பதுதான் பழைய விளக்கம். ஆனால் குதிரைச் சவாரி செய்பவர்களுக்கும் இந்தக் குத்தல் நிறைய வருகிறது. மூச்சுதான் காரணம் என்றால் குதிரைக்கல்லவா வந்திருக்க வேண்டும்! வயிற்றின் உட்சுவரை ஒட்டிய மெல்லிய சவ்வு உராய்ந்து எரிச்சல் அடைவதே காரணமாக இருக்கலாம் என்று இப்போது பலர் கருதுகிறார்கள். வயிறு நிறைந்து குலுங்கினால் குத்தல் அதிகமாவது அதோடு பொருந்துகிறது. சர்க்கரை அடர்த்தியான ஜூஸும் குளிர்பானமும் வெறும் தண்ணீரைவிட மோசம். என் மாம்பழ ஜூஸ் அப்படித்தான் மாட்டிக்கொண்டது.

ஆக, வயிறு நிறையச் சாப்பிட்டால் இரண்டு மூன்று மணி நேரம் விட்டு ஓடுங்கள். அதிகாலையில் அரை மணி நேரம் மெதுவாக ஓட, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் சாப்பிடத் தேவையில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரை வாய் வாயாகக் குடியுங்கள். குத்தல் வந்துவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடாமல் நடைக்கு மாறி, குத்தும் இடத்தை விரல்களால் அழுத்தி, சற்றே முன்னால் குனிந்து, மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

கெண்டைக்கால் விஷயம் வேறு. சதை சுருண்டு கல் மாதிரி ஆனதும் சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வார்கள்: உப்பு குறைஞ்சிருச்சு, தண்ணி குடிக்கல, வாழைப்பழம் சாப்பிடுங்க சார். நானும் ஒரு மாதம் தினம் இரண்டு பழம் தின்று பார்த்தேன். கால் கேட்கவில்லை.

உப்புதான் குற்றவாளி என்றால் உடம்பு முழுக்க அல்லவா பிடிக்க வேண்டும்? ஓடி ஓய்ந்த அந்தச் சதை மட்டும் ஏன் பிடிக்கிறது? தென்னாப்பிரிக்க விளையாட்டு மருத்துவர் மார்ட்டின் ஷ்வெல்னஸ் 1997இல் முன்வைத்த விளக்கம் இதற்குப் பொருத்தமாக இருக்கிறது. சதைக்கு 'சுருங்கு' என்று தூண்டும் நரம்புச் செய்தியும், 'போதும், விடு' என்று அடக்கும் செய்தியும் போய்க்கொண்டே இருக்கின்றன. சதை களைத்ததும் முதலாவது ஓங்குகிறது, இரண்டாவது மங்குகிறது. நெடுந்தூர ஓட்டக்காரர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் நீரிலோ உப்பிலோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வெயிலில் மணிக்கணக்காக வியர்வை கொட்ட ஓடுபவர்களுக்கு உப்பிழப்பும் ஒரு பங்கு வகிக்கலாம். மூன்று கிலோமீட்டர் ஓடும் புதியவருக்கு அந்தச் சாக்கு செல்லாது. கால் பழகிய அளவுக்கு மேல் ஓடியிருக்கிறோம், அவ்வளவுதான்.

மேல்நாடுகளில் பிடிப்புக்கு ஊறுகாய் ஜாடித் தண்ணீரைக் குடிக்கும் வழக்கம் உண்டு. வெள்ளரியை வினிகரில் ஊறவைத்த தண்ணீர் அது, நம் எண்ணெய் மிதக்கும் ஆவக்காய் இல்லை. 2010இல் வெளிவந்த ஒரு சோதனையில் அதைக் குடித்தவர்களுக்குச் சுமார் ஒன்றரை நிமிடத்தில் பிடிப்பு விட்டது. அந்த நேரத்துக்குள் உப்பு ரத்தத்தில் சேர்ந்திருக்க முடியாது. தொண்டையில் படும் புளிப்புதான் நரம்பை அடக்குகிறது என்று ஊகித்தார்கள்.

வீட்டிலேயே கைவசம் இருக்கும் வைத்தியம் நீட்டுவதுதான். தரையில் உட்கார்ந்து முழங்காலை நீட்டி, கால் விரல்களைப் பிடித்து உங்கள் முகத்தை நோக்கி இழுங்கள். பலர் பதற்றத்தில் பாதத்தை எதிர்ப்பக்கம் அழுத்துவார்கள். பிடிப்பு இன்னும் இறுகும்.

இன்னொரு தவறு, பயந்துபோய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது. 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓடும்போதே எடை கூடும் அளவுக்குத் தண்ணீர் குடித்ததே அதற்கு முக்கியக் காரணம். தாகம் எடுத்தால் குடியுங்கள், போதும். ஓடி முடித்தபின் மோரோ இளநீரோ உங்கள் இஷ்டம்.

வேகத்துக்கு ஒரு அளவுகோல்: பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். முடியவில்லையா, நடங்கள். இரண்டு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் மாதத்தை ஓட்டினால் பிடிப்பு வருவது அரிது. வாரத்தில் இரண்டு நாள் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குங்கள்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலோ, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ, நின்ற பிறகும் வயிற்று வலி விடாவிட்டாலோ, நெஞ்சை அழுத்தினாலோ அது சாதாரணப் பிடிப்பு இல்லை. அன்றே மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு வலி என்றால் 108ஐக் கூப்பிடுங்கள்.