ரயில் லேஅவுட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் வீடு: ஒட்டுவதும் அழுக்காக்குவதும்

மாடல் ரயில் லேஅவுட்டில், அதாவது குட்டி ரயில் ஓடும் மாதிரி நிலக்காட்சியில், வைக்கும் பிளாஸ்டிக் வீடு தனித்தனிப் பாகங்களாகப் பெட்டியில் வரும். பெட்டியைப் பிரித்ததும் பசையைக் கையில் எடுத்துவிடாதீர்கள். என் முதல் வீட்டை நான் அப்படித்தான் கெடுத்தேன். ஒரே மாலையில் மொத்தத்தையும் ஒட்டி முடித்துவிட்டு மறுநாள் பெயின்ட் அடிக்க உட்கார்ந்தால், ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் தூரிகை நுழையவே இல்லை. பெட்டியோடு வரும் தாள் எதை எதோடு ஒட்டுவது என்று மட்டும்தான் சொல்லும். எப்போது பெயின்ட் அடிப்பது என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது மாடல் ரயில்களில் ஹெச்.ஓ. என்று சொல்லும் அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக (1:87), பலகைச் சுவர் கொண்ட ஒரு மாடி வீடு. இடம் அமெரிக்காவின் மேற்குப் பென்சில்வேனியா, காலம் 1950களின் தொடக்கம். வீட்டுக்குப் பின்னால் பென்சில்வேனியா ரயில்ரோடின் தண்டவாளம். அந்த நிறுவனத்தில் நீராவி எஞ்சின்கள் 1957 வரை ஓடின.

ஒரு குட்டி வீட்டுக்கு இவ்வளவு வரலாறு எதற்கு? அழுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதை எங்கே பூசுவது என்று தெரியும். அதே மாநிலத்தின் கிழக்கில் ஓடிய லாக்கவானா ரயில்ரோடு, புகை குறைவாக வரும் அந்த்ரசைட் நிலக்கரியை எரித்தது. 1900களின் தொடக்கத்தில் ஃபீபி ஸ்னோ என்று ஒரு கற்பனைப் பெண்ணுக்கு வெள்ளை உடை மாட்டி, எங்கள் வண்டியில் வந்தால் அந்த வெள்ளை அப்படியே இருக்கும் என்று விளம்பரம் செய்தது. நம் வீடு இருக்கும் மேற்குப் பக்கத்தில் எரிந்தது கரும்புகை கக்கும் பிட்டுமினஸ் நிலக்கரி. அந்தப் பெண் நம் வாசலில் வந்து நின்றால் வெள்ளை தாங்காது.

வெட்டுதல்

பாகங்கள் கோத்திருக்கும் சட்டத்தை (ஸ்ப்ரூ என்பார்கள்) பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீரில் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து ஒட்டி வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது. பாகங்களைக் கையால் முறுக்கிப் பிய்க்கக் கூடாது. நிப்பரால் (சின்ன வெட்டுக் குறடு) ஒரு மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, மிச்சத்தை இரண்டாவது வெட்டில் எடுத்து, உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தால் போதும். ஜன்னல், கதவுகளை இப்போது வெட்ட வேண்டாம். சட்டத்தில் இருக்கும்போதே பெயின்ட் அடிப்பது சுலபம்.

பெயின்ட்

முதலில் சாம்பல் நிற ப்ரைமர். அது காய்ந்ததும் சுவருக்கு வெள்ளை அக்ரிலிக். டப்பாவில் இருக்கும் பளீர் வெள்ளையை அப்படியே அடித்தால் பொம்மை வீடாகிவிடும். ஒரு சொட்டு சாம்பலும் ஒரு சொட்டு இளம்பழுப்பும் கலந்துகொள்ளுங்கள். கனமாக ஒருமுறை பூசுவதைவிட நீர்க்க இரண்டு முறை பூசுவது நல்லது. இல்லையென்றால் பலகைக் கோடுகள் மூடிக்கொள்ளும்.

அடித்தளத்துக்கும் புகைபோக்கிக்கும் மங்கிய செங்கல் நிறம். நன்றாகக் காய்ந்தபின், நீர்த்த சாம்பல்வெள்ளையை அதன்மேல் ஓடவிட்டு, விரலில் துணி சுற்றி ஒரே இழுப்பில் துடையுங்கள். கற்களின் முகத்தில் இருப்பது துணியோடு வந்துவிடும், இடுக்கில் இருப்பது சாந்தாக நின்றுவிடும். எனக்கு இந்த வேலையில் பிடித்த நிமிடம் இதுதான்.

உள்ளே விளக்கு வைப்பதாக இருந்தால் சுவர்களின் உட்பக்கத்துக்குக் கறுப்பு அடியுங்கள். விட்டுவிட்டால் சுவரே குண்டு பல்பு மாதிரி ஒளிரும்.

ஒட்டுதல்

தண்ணீர் போன்ற திரவ பிளாஸ்டிக் பசைதான் வேண்டும். அது பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக்குகிறது. பெயின்ட்டின்மேல் வைத்தால் பிடிக்காது என்பதால் ஒட்டும் விளிம்புகளைப் பிளேடால் சுரண்டிவிடுங்கள். இரண்டு சுவர்களைச் சேர்த்துப் பிடித்து, உட்பக்கத்திலிருந்து பசைத் தூரிகையால் மூலையைத் தொட்டாலே போதும், பசை தானாக இடுக்கு நெடுக ஓடிவிடும். பிடித்திருக்கும் விரல் மட்டும் அந்த இடுக்கின்மேல் இருக்கக் கூடாது. என் வீடு ஒன்றின் முன்சுவரில் என் கட்டைவிரல் ரேகை இன்னும் பதிந்திருக்கிறது. ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள், நெடி தலைக்கேறும்.

முதல் மூலை செங்குத்தாக நிற்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். அது சாய்ந்தால் கடைசியில் கூரை உட்காராது. நான்கு சுவரும் சேர்ந்தபின் ரப்பர் பேண்டு போட்டு இரவு முழுக்க விட்டுவிடலாம். மறுநாள் கூரை, புகைபோக்கி, ஜன்னல் சட்டங்கள். ஜன்னல் கண்ணாடியாக வைக்கும் தெளிவான பிளாஸ்டிக் தகடுகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அழுக்காக்குதல்

நிறையப் பேர் ஆல்கஹாலில் இந்திய மை (இந்தியா இங்க் என்னும் கறுப்பு மை) கலந்து பூசச் சொல்வார்கள். அழகாகத்தான் வரும், ஆனால் சில அக்ரிலிக் பெயின்ட்டுகளை ஆல்கஹால் கரைத்துவிடும். மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ்மேல் பட்டால் வெள்ளை பூக்கும். முதல் வீட்டுக்கு அது வேண்டாம். ஒரு மூடித் தண்ணீர், இரண்டு சொட்டுக் கருஞ்சாம்பல் அக்ரிலிக், ஒரு துளி பாத்திர சோப்பு, இது போதும். சுவரை நிமிர்த்தி வைத்து மேலிருந்து கீழாகப் பூசுங்கள். பலகைகளின் அடியில் மெல்லிய நிழல் தங்கும். தேங்கி நிற்பதை ஈரத் தூரிகையால் ஒற்றி எடுங்கள்.

காய்ந்ததும் மேட் வார்னிஷ் ஸ்பிரே. மழை நாளில் அடிக்காதீர்கள், காற்றின் ஈரத்தில் வெளிறிப்போகும். இந்தச் சொரசொரப்பில்தான் அடுத்து வரும் தூள் பிடிக்கும்.

தூளுக்குச் சாக் பேஸ்டல் (சாக்பீஸ் போன்ற வண்ணக் குச்சி) வாங்குங்கள். கடையில் ஆயில் பேஸ்டலைக் கொடுத்துவிடுவார்கள், அது தூளாகவே ஆகாது. பிளேடால் சுரண்டிய தூளை மென்மையான தூரிகையில் தொட்டு வையுங்கள்.

எங்கே வைப்பது? நம் வீட்டில் எஞ்சின் புகை பின்பக்கத்திலிருந்து வருகிறது. அதனால் பின்கூரை முன்கூரையைவிடக் கறுப்பு. புகைபோக்கியின் வாய் நல்ல கறுப்பு, அதிலிருந்து கூரைச் சரிவில் இறங்கும் கோடு கொஞ்சம் மெலிதாக. இறவானத்துக்கு அடியில் மழை கழுவாது, அங்கே கரி தங்கட்டும். ஜன்னல் அடிக்கட்டையின் இரண்டு ஓரங்களிலிருந்தும் சின்னச் சின்ன ஒழுகல்கள். பழைய வெள்ளைப் பெயின்ட் வெயிலில் மாவாகி மழையில் இறங்கும், ஆகவே செங்கல் அடித்தளத்தில் ஆங்காங்கே வெள்ளைத் தூள். தரையை ஒட்டி ஐந்து மில்லிமீட்டருக்குச் சேற்று நிறம். நிஜத்தில் அது ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவு, மழைத்துளி தெறிக்கும் உயரம். ஒவ்வொரு இடத்திலும் போதும் என்று தோன்றுவதற்கு ஒரு படி முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். நான் நிறுத்தாத வீடுகள் தீப்பிடித்தவை போல இருக்கின்றன.

மறுபடி வார்னிஷ் அடித்தால் தூள் பாதி மறையும். வீட்டைத் தொடப்போவதில்லை என்றால் அப்படியே விடலாம்.

கண்ணாடியும் தரையும்

ஜன்னல் தகடுகளை ஃபெவிகால் வகை வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். சூப்பர் க்ளூ பட்டால் கண்ணாடி புகைமூட்டமாகிவிடும். பின்னால் காகிதத் திரை ஒட்டினால் உள்ளே காலி என்று தெரியாது.

லேஅவுட்டில் வைத்ததும் குனிந்து, தண்டவாள மட்டத்திலிருந்து பாருங்கள். அடித்தளத்துக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் கோடாகத் தெரிந்தால் வீடு மிதக்கிறது. மண்ணும் புல்தூளும் போட்டு அடைத்துவிடுங்கள். அந்தக் கால வீடுகளில் நிலக்கரியை நிலவறை ஜன்னல் வழியாகத்தான் கொட்டுவார்கள். உங்கள் அடித்தளத்தில் அப்படி ஒரு குட்டி ஜன்னல் இருந்தால், மிச்சமிருக்கும் கறுப்புத் தூளை அதன் கீழே தரையில் தூவிவிடுங்கள்.