பனியன் டிசைனில் டிபிஐ: பைதானில் பார்ப்பதும் மாற்றுவதும்

திருப்பூர்ப் பிரிண்டிங் பட்டறையில் 12 அங்குலம் வர வேண்டிய நெஞ்சுப் படம் 50 அங்குலமாகத் திறந்தால், முதலில் டிபிஐயை, அதாவது ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற எண்ணைப் பாருங்கள். அகலம் 3600 பிக்சல் என்றால், 300-ஆல் வகுக்க 12 வரும். 72-ஆல் வகுக்க 50. பிக்சல் ஒன்றுகூட மாறவில்லை, கோப்பின் தொடக்கத்தில் (ஹெடரில்) எழுதியிருக்கும் எண்தான் வேறு.

பைதானில் படங்களைக் கையாளும் பில்லோ நூலகம் போதும். இமேஜ்.ஓப்பன் போட்டுத் திறந்து, படத்தின் விவரங்கள் இருக்கும் இன்ஃபோவிலிருந்து டிபிஐயை 'கெட்' மூலம் எடுங்கள். சதுர அடைப்புக்குறி போட்டு எடுத்தால், அந்த எண் இல்லாத கோப்பு வந்ததும் கீ-எரர் அடித்து மொத்த வேலையும் பாதியில் நிற்கும். ஜேபெக்கில் 72 என்று வந்தால் உடனே நம்பாதீர்கள். எக்சிஃப் (படத்தோடு சேர்த்து வைக்கும் விவரத் தொகுப்பு) இருந்தும் அதற்குள் இந்த விவரம் இல்லையென்றால், பில்லோ தானாகவே 72 போட்டுவிடும்.

பிஎன்ஜி அங்குலக் கணக்கு வைப்பதில்லை. மீட்டருக்கு இத்தனை பிக்சல் என்று முழு எண்ணாக வைக்கும். 300 என்று எழுதினால் 11811 ஆகப் பதிந்து, திரும்பப் படிக்கும்போது 299.9994 வரும். '300-க்குச் சமமா' என்று சோதித்தால் நல்ல கோப்பும் தவறு என்று ஒதுக்கப்படும். ரவுண்ட் செய்தபின் ஒப்பிடுங்கள்.

மாற்றுவதற்கு, சேவ் செய்யும்போது டிபிஐக்கு 300, 300 என்று இரண்டு எண் கொடுத்தால் போதும். பிஎன்ஜிக்கு இதோடு வேலை முடிந்தது.

ஜேபெக்கில்தான் கவனம் வேண்டும். ஒன்றும் சொல்லாமல் சேவ் செய்தால் குவாலிட்டி 75-க்கு இறங்கி, எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறடிக்கும். குவாலிட்டிக்கு 'கீப்' கொடுங்கள், பழைய தரமே இருக்கும். வெட்டிய, திருப்பிய படத்துக்கு அது செல்லாது, பிழை காட்டும். ஐசிசி புரொஃபைலையும் (நிறங்களைச் சரியாகக் காட்டும் விவரம்) எக்சிஃபையும் நீங்களே எடுத்துக் கொடுக்காவிட்டால் இரண்டும் போய்விடும். பழைய எக்சிஃபை அப்படியே கொடுத்தாலும் சிக்கல்தான்: உள்ளே பழைய எண் இருக்கும், ஒரு மென்பொருள் 300 என்றும் இன்னொன்று 72 என்றும் காட்டும். அதனால் எக்சிஃபில் 282, 283 ஆகிய டேக்குகளில் (எண்ணிட்ட விவர இடங்கள்) 300-உம், 296-இல் அங்குலத்தைக் குறிக்கும் 2-உம் எழுதியபின் கொடுங்கள். அசல் கோப்பின் மேலேயே எழுதாமல் வேறு பெயரில் சேமியுங்கள்.

ஒவ்வொரு கலருக்கும் தனியாகப் பிரித்த கோப்புகள் எல்லாவற்றிலும் ஒரே டிபிஐ இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் அந்தக் கலரின் பிலிம் வேறு அளவில் வந்து, ஸ்கிரீனில் ரெஜிஸ்டர் உட்காராது, அதாவது கலர்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது.

வாட்ஸ்அப்பில் வந்த 900 பிக்சல் படத்துக்கு 300 எழுதினால் அது 3 அங்குலப் படம். 12 அங்குலத்துக்கு இழுத்தால் கிடைப்பது 75 டிபிஐதான். அதற்குப் பைதானில் வழி கிடையாது, பார்ட்டியிடம் அசல் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.