புதுச்சேரியிலிருந்து டொமைன் பெயர்களில் முதலீடு செய்ய

டொமைன் பெயர்களை, அதாவது இணையதள முகவரிகளை, பின்னால் விற்கும் முதலீடாகச் சேர்க்க நினைப்பவர்கள், தமக்கு நன்கு தெரிந்த ஊரிலிருந்தும் தொழிலிலிருந்தும் தொடங்குவதே நல்லது. 2006இல் பாண்டிச்சேரி அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி ஆன பிறகும், வெளியூர்ப் பயணிகள் பலர் ‘பாண்டி’ என்றே சொல்வதால், விடுதி, படகுச் சவாரி, வாடகை ஸ்கூட்டர் போன்ற சொற்களோடு இந்த மூன்று வடிவங்களையும் சேர்த்துப் பார்த்து, எது இன்னும் பதியப்படாமல் இருக்கிறது என்று பதிவு நிறுவனத்தின் தளத்தில் தேடுங்கள். தொலைபேசியில் ஒருமுறை கேட்டதுமே பிழையின்றித் தட்டச்சு செய்ய முடிகிற பெயர்தான் விலைபோகும். இடைக்கோடும் எண்ணும் கலந்த பெயரை நான் வாங்கவே மாட்டேன்.

முதலாண்டுச் சலுகையில் மயங்காமல், புதுப்பிப்புக் கட்டணத்தைப் பாருங்கள். பெயர் விற்கும்வரை தொடர்ந்து கட்ட வேண்டியது அதுதான். டாட் காம் பெயரை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குப் பதியலாம்.

பிறருடைய வணிக முத்திரையைத் தொடவே கூடாது. கடலூரில் பேர்பெற்ற ஒரு துணிக்கடையின் பெயரை, அவர்களுக்கே கூடுதல் விலைக்கு விற்கும் நோக்கத்தோடு பதிந்தால், டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் தகராறு தீர்வு முறைப்படி, நடுவர் அதை உரியவருக்கு மாற்றிவிட முடியும்.

விற்கும்போது, இருவருக்கும் பொதுவாக நின்று, பெயர் கைமாறும்வரை பணத்தை வைத்திருக்கும் எஸ்க்ரோ சேவையில் பணம் வந்து சேர்ந்த பிறகே, பெயரை வாங்குபவருக்கு மாற்றத் தேவையான பரிமாற்றக் குறியீட்டைக் கொடுங்கள்.